அத்தோ கடையில் ஒரு கேமரா

சென்னை பர்மா பஜார் பக்கம் நின்றபடி ஒரு தட்டு அத்தோ சாப்பிடுவது இப்போது பெரும்பாடு. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸ், முட்டைகோஸ், புளித்தண்ணீர், பொரித்த பூண்டு, நொறுக்கிய பேஜோ (மொறுமொறுவென்று பொரித்த தட்டை மாதிரி) எல்லாவற்றையும் கையால் பிசைந்து தருவார்கள்; கூடவே சூடாக வாழைத்தண்டு சூப். பேஜோ நமத்துப்போவதற்குள் சாப்பிட்டாக வேண்டும். ஆனால் முன்னால் நிற்கிற தம்பி, "அண்ணா, ரீல்ஸுக்கு இன்னொரு வாட்டி பிசைங்க" என்கிறார். கடைக்காரரும் பிசைகிறார்!

சரி, வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால், இதே மாதிரி ரீல்ஸைச் சிவப்பு வட்டம் போட்டுச் செய்தியாக ஓட்டுகிறார்கள். பின்னணி இசை வேறு. ஒரு நிருபராவது நேரில் வந்து தின்று பார்க்கக் கூடாதா?

நேற்று அந்தக் கடையில் எனக்கு முட்டை மசாலாகூட இல்லை. படமெடுக்க நான்கு வாங்கியவர் ஒன்றைத்தான் தின்றார்.