நாவலைப் படித்துவிட்டு பிரிவியூவுக்குப் போகாதீர்கள்

நாவலில் இருந்து எடுத்த படத்துக்கு பிரிவியூ, அதாவது வெளியீட்டுக்கு முன் அழைத்துப் போட்டுக்காட்டும் காட்சி, அழைப்பு வந்தால், வாசிப்புப் பழக்கம் உள்ளவர்கள் முதல் வேலையாக அந்த நாவலை அலமாரியில் இருந்து எடுத்துத் தூசி தட்டுகிறார்கள். ஷோவுக்கு முந்தின ராத்திரிக்குள் முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்து படிக்கிறார்கள். கேட்டால் தயார் ஆகிறார்களாம். படத்தை ஒழுங்காகப் பார்க்கவிடாமல் செய்வதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்பது என் கட்சி.

நேற்றுப் படித்த நாவல் மண்டைக்குள் வரி வரியாக நிற்கும். திரையில் ஒரு காட்சி ஓடும்போதே மனசு அடுத்த அத்தியாயத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும். அது வராவிட்டால் ஒரு 'ச்ச்'. இன்னொன்று வராவிட்டால் இன்னொரு 'ச்ச்'. இரண்டரை மணி நேரம் புரூஃப் திருத்திவிட்டு வெளியே வந்து, 'புத்தகம் மாதிரி இல்லை' என்கிறார்கள். அதைச் சொல்ல தியேட்டர் வரைக்கும் போக வேண்டுமா? வீட்டிலிருந்தே சொல்லலாமே.

கணக்கையும் பார்த்துவிடுவோம். திரைக்கதையில் ஒரு பக்கம், திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம். தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கைக்கணக்கு இது. அந்தப் பக்கத்திலும் பாதி வெள்ளைத்தாள்தான். ஆக, 300 பக்க நாவலை 150 நிமிடத்தில் அடக்கினால் பாதிக்குமேல் வெளியேதான் நிற்கும், எடுப்பவர் அந்த நாவலின் பரம பக்தராக இருந்தாலும் சரி. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை 'கல்கி'யில் வந்த ஐந்து பாகத் தொடர். 2022, 2023 இரண்டு படங்களையும் சேர்த்தால் சுமார் ஐந்தரை மணி நேரம். நாவலில் வரும் மணிமேகலை என்கிற பாத்திரம் படத்தில் அடியோடு இல்லை. அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

அந்த நாவலின் ஆரம்பம் படித்தவர் எவருக்கும் மறக்காது. ஆடிப்பெருக்கு, வீரநாராயண ஏரிக்கரை, குதிரையில் வந்தியத்தேவன், அவன் எண்ணிக்கொண்டு போகும் எழுபத்துநான்கு கணவாய்கள், அதாவது ஏரி மதகுகள். படமோ போர்க்களத்தில் தொடங்குகிறது. முந்தின நாள் படித்துவிட்டுப் போனவருக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே 'ஏரி எங்கே?' என்று முகம் சுண்டிவிடும். நாவலைப் பல மாதம் ஆறப்போட்டவருக்கு வேறு கேள்வி எழும். வந்தியத்தேவன் கூடவே ஊர் சுற்றி, ஒட்டுக்கேட்டு, சோழ அரசியலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொள்வது தொடர்கதை வாசகருக்கு வாராவாரம் கிடைத்த சுகம். நாவலில் முதல் பாகம் வெகுதூரம் போன பிறகே நேரில் வருகிற ஆதித்த கரிகாலனை, படம் எடுத்த எடுப்பில் ரத்தமும் கோபமுமாக நிறுத்துகிறது. அப்போது படத்தின் எடை யார் பக்கம் சாய்கிறது? இதற்குத் திரையில் பதில் இருக்கிறது. ஏரி எங்கே என்பதற்கு இல்லை.

இன்னும் கிட்டத்தில் வைத்துப் பார்க்க, பூமணியின் 'வெக்கை' (1982). பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம். எதிரியின் கையை வெட்டினால் போதும் என்று போனவனால் அந்த ஆளே செத்துப்போகிறான். அதன்பிறகு அப்பனும் மகனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிற நாட்கள்தான் நாவல். எதைத் தின்பது, எங்கே படுப்பது, எந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் என்பதிலேயே பக்கங்கள் போகும். பார்வை பையனுடையது. அப்பாவை அவன் கண் வழியாகத்தான் 'அய்யா' என்று பார்க்கிறோம். 2019இல் இந்த நாவல் 'அசுரன்' படமாக வந்தபோது கதையின் நடு அச்சு பையனிடமிருந்து அப்பனுக்கு நகர்ந்தது. தனுஷ் அப்பன் சிவசாமியாக, இளமையிலும் நடுவயதிலும் வருகிறார். கீழ்வெண்மணிப் படுகொலையை நினைவூட்டும் அந்த நீண்ட ஃப்ளாஷ்பேக் நாவலில் இல்லாதது. நல்ல நடிகர் கிடைத்ததால் மட்டும் இப்படி நடக்கவில்லை. ஒளிந்து திரிவதை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேர வெகுஜனப் படத்தை நிறுத்த முடியாது. 'இந்த அப்பன் ஏன் இத்தனை பொறுத்துப் போகிறான்?' என்கிற ஒரு கேள்வியைத் திரைக்கதை புதிதாக உண்டாக்கி, அதற்குப் பதிலாக ஃப்ளாஷ்பேக்கை வைக்கிறது.

அங்கேதான் இடைவேளை வருகிறது. தழுவல் படங்களில் நான் அதிகம் கவனிக்கச் சொல்வது இந்த ஒரு இடத்தைத்தான். நாவலுக்கு இடைவேளை கிடையாது. நம்மூர்ப் படத்துக்கு உண்டு. ஆகவே எழுபதாவது நிமிடத்துக்கும் தொண்ணூறாவது நிமிடத்துக்கும் நடுவில், நாவலாசிரியர் நினைத்தே பார்க்காத ஒரு உச்சத்தைத் திரைக்கதை உருவாக்கியாக வேண்டும். 'அசுரன்' படத்தில் அது பணிந்து போகிற அப்பன் ஆயுதம் எடுக்கிற சண்டை. பெரும்பாலான தழுவல்கள் சறுக்குவதும் இங்கேதான். இடைவேளைக்காகப் பாத்திரத்தைத் திடுதிப்பென்று திருப்பிவிட்டு, அதைச் சரிக்கட்ட இரண்டாம் பாதியில் முக்கால் மணி நேரம் செலவழிக்கிறார்கள். பிரிவியூவில் இடைவேளை விளக்கு எரிந்ததும் சமோசாவுக்கு ஓடாமல், கடைசிக் காட்சி யார் மேல் முடிந்தது என்று ஒரு வரி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். படத்தின் நாயகன் யார் என்று இயக்குநர் முடிவெடுத்திருக்கிறார் என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

சரி, பிரிவியூ என்று எல்லாவற்றையும் ஒரே பேரில் சொல்கிறோமே தவிர, எந்த நிலைப் பிரதியைக் காட்டுகிறார்கள் என்பது ரொம்ப முக்கியம். அழைக்கிறவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: மிக்ஸிங் (ஒலிக் கலவை) முடிந்துவிட்டதா? டிஐ (வண்ணத் திருத்தம்) முடிந்ததா? சென்சார் ஆகிவிட்டதா? ஃபிலிம் காலத்தில் டபுள் பாசிட்டிவ் என்று ஒன்று உண்டு. எடிட் செய்த படச்சுருளும் ஒலிச்சுருளும் தனித்தனியாக, ஒத்திசைவில் ஓடும். பின்னணி இசை இருக்காது. இசையமைப்பாளருக்குப் போட்டுக்காட்டத்தான் அது. இன்றைக்கு அதே நிலையை ஹார்ட் டிஸ்க்கில் காட்டுகிறார்கள். குறுக்கே வாட்டர்மார்க் ஓடும், வேறு ஏதோ படத்தின் இசையைத் தற்காலிகமாக ஒட்டியிருப்பார்கள், கிராபிக்ஸ் வரவேண்டிய இடத்தில் பச்சைத்திரை அப்படியே நிற்கும், சில வசனங்கள் டப்பிங் ஆகாமல் படப்பிடிப்பு இரைச்சலோடு கேட்கும். இப்படிப்பட்ட பிரதியில் நீளம், வேகம், கதை புரிகிறதா என்பதைப் பற்றி மட்டும் கருத்துச் சொல்லலாம். வண்ணம், சத்தம், உணர்ச்சி இதையெல்லாம் பற்றி வாய் திறக்கக் கூடாது.

'முள்ளும் மலரும்' உமாசந்திரன் நாவல். கல்கி வெள்ளி விழாப் போட்டியில் பரிசு பெற்றது. வெளியீட்டுக்கு முன் படத்தைப் பார்த்த தயாரிப்பாளர் வசனமே இல்லையே என்று கொதித்துப்போனதை, படத்தை இயக்கிய மகேந்திரனே பிற்பாடு பதிவு செய்திருக்கிறார். அவர் கொதித்ததிலும் நியாயம் உண்டு. வசனத்துக்குப் பேர்போன 'தங்கப்பதக்கம்' எழுதிய மகேந்திரனை நம்பிப் பணம் போட்டவர் அவர். நாவல் என்றால் நிறையப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பார். அந்தக் கடைசிக் காட்சியை இளையராஜாவின் இசையை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். காளி நிற்கிறான், தங்கச்சி ஓடி வருகிறாள், அவ்வளவுதான். முடிவடையாத பிரதியில் மௌனமான காட்சிகள் எல்லாமே காலியாகத்தான் தெரியும். நாவல் தழுவலில் இந்த ஆபத்து இரட்டிப்பு, ஏனென்றால் அந்த மௌனத்துக்குப் பின்னால் நாவலில் ஒரு பக்கம் மன ஓட்டம் இருந்திருக்கும். படித்துவிட்டு வந்தவர் அந்தப் பக்கத்தைத் தேடுவார்.

இனி தியேட்டர் சமாச்சாரம். சாலிகிராமம் பிரசாத் லேப், நுங்கம்பாக்கம் ஃபோர் ஃப்ரேம்ஸ் மாதிரி பிரிவியூ அரங்குகள் சின்னவை. முதல் இரண்டு வரிசையில் உட்கார்ந்தால் கழுத்து வலிக்கும், ஸ்கோப் (அகலத்திரை) படமாக இருந்தால் இரண்டு ஓரமும் ஒரே பார்வைக்குள் வராது. கடைசி வரிசையில் பின்பக்கச் சரவுண்ட் ஸ்பீக்கர் காதுக்குள்ளேயே பேசும். திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரம், நடு இருக்கை, அதுதான் இடம். வட்டார வழக்குப் படங்களுக்கு இது இன்னும் முக்கியம். வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் இருக்கிற நடு ஸ்பீக்கரில்தான் வரும். ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு, 'கரிசல் பேச்சு பாதி புரியல' என்று மிக்ஸிங்கைக் குறை சொல்லக் கூடாது.

ஷோ ஆறு மணி என்று போட்டிருந்தால் ஐந்தரைக்கே போய்விடுங்கள். ஆனால் படம் ஆறே முக்காலுக்குத் தொடங்கினாலும் கோபப்படாதீர்கள். டிசிபி என்கிற படக்கோப்பு நூறு, இருநூறு ஜிபி கனம். அதைச் சர்வரில் ஏற்றவே நேரம் பிடிக்கும். ஏற்றினாலும் கேடிஎம் என்கிற சாவி வேண்டும். அது குறிப்பிட்ட சர்வருக்கு மட்டும், குறிப்பிட்ட தேதி, நேரத்துக்குள் மட்டும் திறக்கிற பூட்டுச் சாவி. கடைசி நேரத்தில் திரை மாற்றினாலோ, சர்வரை மாற்றியிருந்தாலோ, சாவியின் நேரம் தவறாக இருந்தாலோ படம் ஓடாது. புதுச் சாவி மின்னஞ்சலில் வந்து சேரும்வரை எல்லோரும் வெளியே காபி குடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

செல்போனை வாங்கி வைத்துவிட்டால் முகம் சுளிக்காதீர்கள். 2023 திருத்தத்துக்குப் பிறகு ஒளிப்பதிவுச் சட்டத்தில் திருட்டுப் பதிவுக்குக் குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்கி, கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். டைட்டிலை ஸ்டேட்டஸில் வைக்கிற பழக்கம் உள்ளவர்கள் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். குறிப்பெடுக்க சின்ன நோட்டும் பென்சிலும் போதும். டிக் டிக் என்கிற பேனா வேண்டாம், பக்கத்து சீட்காரர் சபிப்பார். இருட்டில் எழுதுவதால் பக்கத்துக்கு ஒரே குறிப்பு, பெரிய எழுத்தில். வரிக்கு மேல் வரி ஏறிவிட்டால் மறுநாள் உங்களுக்கே புரியாது.

எதைக் குறிப்பது? முதலில் டைட்டில் கார்டு. 'கதை' என்று நாவலாசிரியர் பெயர் வருகிறதா, 'மூலக்கதை'யா, 'தழுவல்' என்று வருகிறதா, கதைக்கருவுக்கு நன்றி மட்டும்தானா? இந்தச் சொற்களுக்குள் பெரிய இடைவெளி இருக்கிறது. 'உதிரிப்பூக்கள்' புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கருவைத்தான் எடுத்துக்கொண்டது. அதை 'சிற்றன்னை'யோடு வரிக்கு வரி ஒப்பிடுவது அர்த்தமில்லாத வேலை. ஆனால் நாவலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் விளம்பரத்தில் போட்டு விற்கிற படத்தை ஒப்பிட வாசகருக்கு முழு உரிமை உண்டு. எழுத்தாளருக்கும் உண்டு. காப்புரிமைச் சட்டம் 57ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்க ஆசிரியருக்கு இடம் தருகிறது. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன் நாவலைப் படமாக்கியவர்கள் மீது தொடுத்த வழக்கில் 1986இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியிருக்கிறது.

அதன்பிறகு மூன்றே மூன்று விஷயம். கதையை யார் கண்ணால் காட்டுகிறார்கள், நாவலில் மனசுக்குள் நடந்தது திரையில் என்னவாக மாறியிருக்கிறது (வாய்ஸ் ஓவரா, பொருளா, முகமா), எந்த இடத்தில் உங்களுக்கே தெரியாமல் நாவலை மறந்தீர்கள். மூன்றாவதுதான் முக்கியமான குறிப்பு. 'வெக்கை'யை மறந்துவிட்டு சிவசாமியோடு ஓடிய நிமிடம் எது என்று சொல்லத் தெரிந்தவர்தான் அந்தப் படத்தைப் பார்த்தவர்.

படம் முடிந்து இயக்குநரோடு பேச வாய்ப்புக் கிடைத்தால் 'ஏன் அதை விட்டுட்டீங்க?' என்று கேட்காதீர்கள். பதில் 'நேரம் இல்லைங்க' என்றுதான் வரும். 'எழுதி, ஷூட் பண்ணி, எடிட்டிங்கில் எடுத்தது எது?' என்று கேளுங்கள். படம் எங்கே மல்லுக்கட்டியது என்பது அதில் வெளியே வரும். எழுத்தாளர் வந்திருந்தால் அவரிடம் 'உங்களுக்குத் திருப்தியா?' என்று எல்லோர் முன்னாலும் கேட்பது அராஜகம். மேடைக்குப் பக்கத்தில் தயாரிப்பாளர் நிற்கும்போது அவர் என்ன சொல்லிவிட முடியும்?

இன்னொன்று, பிரிவியூவில் வருகிற கைதட்டலை நம்பாதீர்கள். அரங்கில் பாதிப்பேர் படத்தில் வேலை பார்த்தவர்கள், அவர்களின் வீட்டார். துணை நடிகர் ஒருவர் தலைகாட்டினாலே ஒரு மூலையில் விசில் பறக்கும், அவர் மச்சான் உட்கார்ந்திருப்பார். வாசலில் மைக் நீட்டுவார்கள். 'நாளைக்கு எழுதறேன்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். வெளியீட்டுக்கு முன் எழுதக் கூடாது என்று நேரக்கெடு கொடுத்திருந்தால் அதை மதிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து, தூங்குவதற்கு முன் நினைவில் நிற்கிற பத்துக் காட்சிகளை வரிசையாக எழுதுங்கள். இப்போது எடுங்கள் நாவலை. இப்போது படித்தால் நாவலும் வேறாகத் தெரியும். படத்தில் இரண்டு நொடியில் போன பார்வை எத்தனை பக்கத்திலிருந்து வந்தது, எந்தப் பாத்திரத்தின் வசனத்தை எவர் வாயில் மாற்றியிருக்கிறார்கள், நீங்கள் 'நாவலில் இருந்தது' என்று அடித்துச் சொல்லியிருக்கக்கூடிய எந்தக் காட்சி நாவலில் இல்லவே இல்லை என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும். கடைசியில் சொன்னது ஒன்றாவது கட்டாயம் அகப்படும்.

பிரிவியூவில் பார்த்தது முடிவடையாத பிரதி என்றால், படம் வெளியான பிறகு டிக்கெட் எடுத்து இன்னொரு தடவை பாருங்கள். தொடக்கத்தில் வருகிற சென்சார் சான்றிதழில் படத்தின் நீளம் போட்டிருக்கும். நீங்கள் முதலில் பார்த்ததைவிடப் பத்து நிமிடம் குறைந்திருந்தால், போனது எந்தப் பத்து நிமிடம் என்று உங்கள் பென்சில் குறிப்பைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் நாவலுக்கு ரொம்ப விசுவாசமாக எடுத்த காட்சியாகத்தான் இருக்கும்.