சுவர் காயும்வரை விமானக் கதை

வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து வடிந்திருக்கிறது, நீ பழைய விமான நிறுவனங்களின் கதையைப் படித்துக்கொண்டிருக்கிறாயே, இப்போது இது தேவையா என்று கேட்கிறார்கள். இப்போதுதான் தேவை.

சேறு வழிப்பது, ஊறிப்போன மெத்தையை வெளியே இழுத்துப்போடுவது எல்லாம் ஆரம்பத்தில் முடிந்துவிடும். இடுப்பு ஒடியும், ஆனால் மண்டை சும்மா இருக்கும். அப்புறம் தொடங்கும் காத்திருப்புதான் கொடுமை. சுவர் மேலுக்குக் காய்ந்த மாதிரிதான் இருக்கும். ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவைத்து மறுநாள் பிரித்துப் பாருங்கள், உள்பக்கம் முத்துமுத்தாக ஈரம் கோத்திருக்கும். அதன்மேல் பெயிண்ட் அடித்தால் பொருக்குப் பொருக்காக உரியும். ஒயரிங்கைச் சோதிக்காமல் மெயினைப் போடக்கூடாது. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்வரை உப்பிப்போன அலமாரியைத் தூக்கிப்போடவும் மனம் வராது. அவசரப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இந்த நேரத்தில் செய்தி பார்த்தால் அடுத்த மழை எப்போது என்கிறார்கள். நண்பர்கள் தன்னம்பிக்கை வீடியோ அனுப்புகிறார்கள் (தயவுசெய்து வேண்டாம்). கனமான புத்தகத்தில் மனம் நிற்பதில்லை. விமானத் துணுக்கு நாலு வரியில் முடிந்துவிடும். தரையைப் பெயர்க்கவா விடவா என்று என்னிடம் கேட்காது. அதில் வரும் நஷ்டமெல்லாம் வேறு யாருடையதோ, கணக்கும் எப்போதோ முடித்தாகிவிட்டது.

நேர அட்டவணைப்படி பறந்த உலகின் முதல் பயணிகள் விமானச் சேவை 1914 ஜனவரி 1 அன்று ஃபுளோரிடாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து டாம்பாவுக்குத் தொடங்கியது. விமானி டோனி ஜானஸ். பக்கத்தில் ஒரே பயணி, முன்னாள் மேயர் ஏப்ரம் ஃபீல். 5 டாலர் டிக்கெட்டின் முதல் இருக்கையை ஏலத்தில் 400 டாலருக்கு எடுத்தவர். பயணம் 23 நிமிடம். நிறுவனம் சுமார் நாலு மாதம்தான் தாக்குப்பிடித்தது.

ஜே.ஆர்.டி. டாடா 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து தபால் மூட்டையுடன் வந்து இறங்கிய பம்பாயின் ஜூஹு விமானத்தளம், மழைக்காலத்தில் சேற்றுக்காடாகிவிடும். ஒவ்வொரு மழைக்கும் அவருடைய விமானக் கம்பெனியே மூட்டை கட்டிக்கொண்டு பூனாவுக்குப் போய்விடுமாம். இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். வெகுநாள் கழித்து வந்த சிரிப்பு.

எனக்கு ரொம்பப் பிடித்தது காமெட் கதை. 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் கிளம்பிய உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம். 1954-இல் மூன்று மாத இடைவெளியில் இரண்டு காமெட்கள் மத்தியதரைக் கடலுக்கு மேலே நொறுங்கின. காரணம் தெரியாமல் திணறிய பொறியாளர்கள், இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டின் உடலையே பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். உள்ளே தண்ணீரை ஏற்றி அழுத்தம் கொடுப்பது, குறைப்பது, மறுபடி ஏற்றுவது. காற்றை ஏற்றியிருந்தால் விரிசல் விட்டதும் குண்டு மாதிரி வெடித்து எல்லாம் சிதறியிருக்கும். தண்ணீர் அப்படி விரிவதில்லை, உடைந்த இடம் உடைந்தபடியே இருக்கும், போய்ப் பார்க்கலாம். கடைசியில் உடல் கிழிந்தது. குற்றவாளி உலோகச் சோர்வு, அதாவது திரும்பத் திரும்ப அழுத்தம் பட்டு உலோகம் தளர்ந்து விரிசல் விடுவது என்று தெரிந்தது. தண்ணீர்மேல் எனக்கு இருக்கும் கடுப்புக்கு, அது உருப்படியாகவும் ஒரு வேலை செய்திருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ளவே நேரம் பிடித்தது.

இது தப்பித்தல் என்பார்கள். தப்பித்தல்தான், சரி. இன்சூரன்ஸ் படிவத்துக்குக் கடைசித் தேதி உண்டு; அதை வைத்துவிட்டு காமெட்டைப் படித்தால் அது முட்டாள்தனம். சுவர் காய்வதற்கு என் கவலை எந்த வகையிலும் உதவாது. அந்த நேரத்தைத்தான் நான் விமானங்களுக்குக் கொடுக்கிறேன்.

உதவ வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் ஒரு ஃபேனை இரவல் கொடுங்கள், சுவர்ப் பக்கம் திருப்பிவைக்கிறேன். இல்லையென்றால் ஒரு துணுக்கு அனுப்புங்கள். அமெரிக்க விமான நிறுவனம் பான் ஆம் பற்றி மட்டும் வேண்டாம். 1991 டிசம்பரில் அது இழுத்துமூடியதுவரை படித்தாகிவிட்டது.