ராணுவ மருத்துவர் படித் திருத்தம்: அந்த இணைப்பைத் தொடாதீர்கள்

மதுரை ரேஸ்கோர்ஸ் பக்கம் காலை நடைக்கு வரும் முன்னாள் ராணுவத்தினரின் வாட்ஸ்அப் குழுக்களில் மூன்று நாட்களாக ஒரு செய்தி சுற்றுகிறது. ராணுவ மருத்துவர்களுக்குச் சம்பளத்தோடு தரப்படும் என்பிஏ என்ற படி 40 சதவீதமாகிவிட்டதாம். பழைய பதிவைத் திருத்த, அதிலுள்ள இணைப்பில் ஆதார் எண்ணும் ஓடிபியும் 499 ரூபாயும் தர வேண்டுமாம். தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடுமாம்.

இது பொய்.

தனியாக வைத்தியம் பார்க்காமல் இருப்பதற்குத் தரப்படும் படிதான் என்பிஏ. ஏழாவது ஊதியக் குழுவுக்கு முன்பு அது 25 சதவீதம். 2017 ஜூலை 1 முதல் அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம். சம்பளமும் படியும் சேர்ந்து 2,37,500 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஓய்வூதியக் கணக்கிலும் இந்தப் படி சேரும். பலர் பதறியது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பதிவில் பிழையே வராது என்று சொல்லவில்லை. வந்தால், பணியில் இருக்கும் தரைப்படை அதிகாரிகளின் சம்பளக் கணக்கைப் பார்ப்பது புனேயில் உள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகம்; அங்கே கேட்கலாம். ஓய்வுபெற்றவர்கள் பாதுகாப்புத் துறையின் ஓய்வூதிய இணையதளமான ‘ஸ்பர்ஷ்’ தளத்தில் நுழைந்து குறை பதியலாம், கட்டணம் கிடையாது. ஓய்வூதிய ஆணையைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். கணினி பழக்கம் இல்லாதவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேட்கலாம்.

வந்த இணைப்பின் முகவரியைப் பாருங்கள்: அரசுத் தளங்களைப் போல ‘ஜிஓவி.இன்’ என்று முடியவில்லை. ‘அரசானை’ என்று எழுத்துப்பிழை வேறு!

ஓடிபி கொடுத்துவிட்டவர்கள் வங்கிக்கும், இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் உடனே பேசுங்கள். மற்றவர்கள் அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பியிருந்தால், அதே குழுவில் இது தவறு என்று ஒரு வரி போடுங்கள்.