தண்ணீர் வந்த வழியே சைக்கிள் போகட்டும்

மதுரையில் சைக்கிள் ஓட்டுகிற ரெண்டு பேர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே மலைக்குப் போய்விடும். கொடைக்கானல் ஏறியாச்சா, போடிமெட்டுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு, மேகமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் கால் ஊன்றாமல் மிதித்தாயா என்று. எனக்கும் மலை பிடிக்கும். ஆனால் வெளியூர் நண்பர்கள் "மதுரைப் பக்கம் நாலைந்து நாள் சைக்கிளில் சுற்ற நல்ல வழி சொல்லு" என்று கேட்டால் நான் மலைச்சாலையிலிருந்து ஆரம்பிப்பதில்லை. பெரியாற்றுத் தண்ணீர் நம்ம ஊருக்கு வருகிற வழியைப் பிடித்து மேற்கே போ என்கிறேன். காடு, மலை, ஆறு மூன்றும் அந்த ஒரே வழியில் இருக்கின்றன. இதைச் சைக்கிள் பாதை என்று அரசாங்கமே அறிவித்து நாலு பலகை நட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அரபிக் கடலுக்குப் போக வேண்டிய பெரியாற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டது 1895இல். அந்தத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் மின்சாரம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாய்ந்து, தேனிப் பக்கம் வைகையில் கலக்கிறது. 1959இல் கட்டி முடித்த வைகை அணையில் தங்குகிறது. அப்புறம் வைகையின் குறுக்கே இருக்கிற பேரணை மதகில் பெரியாறு பிரதானக் கால்வாயாகப் பிரிந்து, சிறுமலையின் அடிவாரத்தை ஒட்டியே கள்ளந்திரிக்கு வந்து, அங்கிருந்து மேலூர்ப் பக்கம் போகிறது. நம்மில் பலருக்கு இது பாசனச் செய்தி மட்டும்தான். தண்ணீர் திறந்தாச்சா இல்லையா என்பதோடு முடிந்துவிடும். சைக்கிள்காரன் கண்ணில் பார்த்தால் இதைவிட நல்ல பாதையை யாராலும் புதிதாகப் போட முடியாது.

காரணம் எளிது. தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்று வெட்டிய கால்வாய் இது. அதன் கரையில் மூச்சு வாங்குகிற ஏற்றம் இருக்கவே வழியில்லை. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை மலை கூடவே வரும், ஆனால் நம் முழங்காலுக்கு வேலை வைக்காது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிறதே, கியர் இல்லாத சைக்கிள், அது போதும். ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் நெல்லும் தென்னையும். கள்ளந்திரி வரைக்கும் இருபோகம் என்பதால் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் கண்ணுக்கு எட்டும் தூரம் பச்சை. காலை ஏழு மணிக்கு மடையருகே துணி துவைக்கிறவர்கள், மாடு குளிப்பாட்டுகிறவர்கள், பாலத்துக் கட்டையிலிருந்து குதிக்கிற பையன்கள். நாம் கடந்து போகும்போது ஒருத்தராவது "எங்கிட்டுப் போறீக?" என்று கேட்காமல் விடமாட்டார். பேரணை வரைக்கும் என்றால், "பாத்துப் போங்கப்பா, மேல முள்ளு வெட்டிப் போட்டிருக்காக" என்று கூடுதல் தகவலும் கிடைக்கும்.

முள் என்றது சீமைக் கருவேலம். இந்தப் பக்கம் நெடுந்தூரம் ஓட்டுகிறவனுக்கு ஏற்றத்தைவிட, வெயிலைவிடப் பெரிய எதிரி அதுதான். ஆணி குத்தினால் உஸ்ஸென்று அப்போதே தெரியும். கருவேல முள் அப்படி இல்லை. டயருக்குள் முறிந்து முனை மட்டும் தங்கிவிடும். காற்று மெல்ல மெல்ல இறங்கும். ட்யூபை மட்டும் ஒட்டிவிட்டுக் கிளம்பினால் அரை மணி நேரத்தில் அதே இடத்தில் மறுபடியும் ஓட்டை. சோழவந்தான் பக்கம் ஒரு பஞ்சர் கடைப் பெரியவர் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைக் கண்டதும், அதை ஒட்டுவதற்கு முன் டயரின் உட்புறத்தை விரலால் அங்குலம் அங்குலமாகத் தடவினார். எள் அளவு முனை ஒன்று தட்டுப்பட்டது. ஊக்கால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் ஒட்டினார். கிளம்பும்போது பழைய ட்யூப் ஒன்றை நீளவாக்கில் வெட்டி டயருக்கும் ட்யூபுக்கும் நடுவே பட்டையாக வைத்துக் கொடுத்தார். வண்டி கொஞ்சம் கனக்கும். ஆனால் கால்வாய்க் கரைக்கு அதுதான் சரி.

கரை முழுக்க ஒரே சீராக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். சில இடத்தில் தார், சில இடத்தில் செம்மண், சில இடத்தில் கருவேலம் மூடிவிட்டது. அங்கெல்லாம் ஊர்ச் சாலைக்கு இறங்கி ஏறிக்கொள்ளலாம். மதுரையிலிருந்து நேரே கிளம்புகிறவர்களுக்குத் துவரிமான், மேலக்கால் வழியாக வைகைக் கரைச் சாலை இருக்கிறது. எதிர்க்கரையில் திருவேடகம், சம்பந்தர் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து ஏறி ஒதுங்கியதாகச் சொல்கிற ஊர். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால்களின் ஓரமாகப் போகும்போது வெயில் சட்டென்று ஒரு படி குறையும். அந்த வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

பேரணைக்கு மேலே ஆற்றை ஒட்டியே போக ஒரே சாலை கிடையாது. அணைப்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி என்று சுற்றி வைகை அணைக்குப் போக வேண்டும். உசிலம்பட்டி வழியாக ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் தூரம் குறைவுதான். ஆனால் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றை நெஞ்சில் வாங்கியபடி அந்தச் சாலையில் மிதித்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஏன் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன என்று. அந்த மாதங்களில் ரயிலில் தேனியோ போடியோ போய் இறங்கி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்பி வருவதே புத்திசாலித்தனம்.

தேனிக்கு அப்பால் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர். இரண்டு பக்கமும் மலைகள், நடுவே நெல், வாழை, திராட்சைப் பந்தல். புறவழிச் சாலைகள் வந்ததும் லாரிகளும் கேரளா வண்டிகளும் ஊருக்கு வெளியே போய்விட்டன. பழைய சாலை ஊருக்குள் ஓரளவு நிம்மதியாகக் கிடக்கிறது. யாரும் திட்டமிடாமலே சைக்கிளுக்குக் கிடைத்த வரம். இதை இப்போதே பிடித்து வைக்காவிட்டால் மறுபடியும் அகலப்படுத்துகிறோம் என்று வருவார்கள். மிச்சமிருக்கிற புளியமரங்களும் போய்விடும். நிழல் போன சாலையில் இந்த ஊர் வெயிலுக்கு யார் சைக்கிள் ஓட்டுவார்கள்?

கடைசியில் லோயர் கேம்ப். மின் நிலையத்துக்கு மலையிலிருந்து இறங்குகிற நாலு ராட்சதக் குழாய்களைப் பார்த்துவிட்டுக் குமுளி மலைச்சாலையில் ஏறலாம். இந்த வழியில் கியர் உண்மையிலேயே தேவைப்படுகிற இடம் இது ஒன்றுதான். இரண்டு பக்கமும் காடு, யானை நடமாட்டம் உண்டு. பகலில் ஏறுங்கள், பகலிலேயே முடியுங்கள்.

காட்டைப் பற்றி இன்னொன்று. மேகமலையில் சோதனைச் சாவடியில் நேரக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள் என்று சைக்கிள் நண்பர்கள் கோபப்படுகிறார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. அது 2021லிருந்து புலிகள் காப்பகம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் எத்தனை பேரை இழந்தோம் என்பதை இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்க முடியாது. சாவடியில் திரும்பிப் போ என்றால் திரும்ப வேண்டியதுதான். காட்டுக்குள் நமக்குப் புதுப் பாதை கேட்பது நியாயமில்லை. நாம் கேட்க வேண்டியது கால்வாய்க் கரையும் பழைய ஊர்ச் சாலையும்.

ஐரோப்பாவில் டான்யூப் நதிக்கரையில் பாஸாவிலிருந்து வியன்னா வரை சைக்கிளில் போகிறவர்களைப் பார்த்து நாம் பெருமூச்சு விடுகிறோம். அந்தப் பாதையின் பெரும்பகுதி, குதிரைகள் கரையோரம் நடந்து படகுகளை இழுத்துப்போன பழைய தடம். இருந்ததைச் செப்பனிட்டு, பலகை நட்டு, தங்குவதற்கு வீடுகளைத் திறந்துவிட்டார்கள். நம்மிடமும் பழைய தடம் இருக்கிறது. நீர்வளத் துறை கரையில் முள்ளை வெட்டி மண்ணைச் சமப்படுத்தினால் போதும், கான்கிரீட் வேண்டாம். மதுரை–போடி ரயிலில் சைக்கிளை டிக்கெட்டோடு சேர்த்து ஏற்றி இறக்க ஒரு பெட்டியில் கொஞ்சம் இடம் ஒதுக்கினால், ஒரு வழி மிதித்து மறுவழி ரயிலில் வருகிற குடும்பங்கள் தானாக வரும். மலையேற்றம் வாலிபர்களுக்கு. இந்தத் தண்ணீர் வழி பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் அறுபது வயது அம்மாவுக்கும் சேர்த்து.

வெயிலைச் சொல்லி மறுப்பவர்களுக்கு: மார்கழியிலிருந்து மாசி வரை வாருங்கள், காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள், பதினொரு மணிக்கு ஏதாவது ஒரு ஊரில் ஒதுங்குங்கள். மார்கழி பிறந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை கள்ளந்திரியிலிருந்து பேரணைக்குக் கிளம்புகிறேன். எந்தச் சைக்கிளாக இருந்தாலும் பரவாயில்லை, ரெண்டு ட்யூப் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் கீழே சொல்லுங்கள்.