சுங்கம் வாங்கத் தெரிகிறது, கழிப்பறை திறக்கத் தெரியாதா?

முதல் போணி ஆவதற்கு முன்பே, கடை போட்டதற்குக் கட்டணமாகச் சுங்கம் கேட்டு ஆள் வந்து நிற்கிறான். எங்கள் ஊர் வாரச்சந்தையில் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. திண்டுக்கல் பக்கத்துக் கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். பெயரை மாற்றிப் போட்டால் இன்னும் பல ஊர்களுக்கு இது அப்படியே பொருந்தும்.

நான் காய்கறி வாங்குவதே அங்கேதான். காலையில் தோட்டத்தில் பறித்த அவரை, பீர்க்கு, முருங்கை, சின்ன வெங்காயம், சிறுகீரைக் கட்டு, நாட்டுக்கோழி முட்டை என்று சுற்றுப்பட்டிக்காரர்கள் மதியமே கொண்டுவந்து, சாக்கை விரித்துக் கூறு கட்டி உட்கார்ந்துவிடுவார்கள். அதில் பாதிக்கு மேல் பெண்கள். சொந்தமாகக் கால் காணி, அரைக் காணி வைத்திருப்பவர்கள், அல்லது வீட்டுக் கொல்லையில் போட்டதைப் பறித்து வருபவர்கள்.

போன வாரம் ஒரு பாட்டி இருபது கட்டுக் கீரையோடு உட்கார்ந்திருந்தார். கட்டு 10 ரூபாய். ஒன்று விடாமல் விற்றாலும் 200 ரூபாய்தான். அவரிடம் போய் 30 ரூபாய் கேட்கிறான், பேரன் வயதுப் பையன். "இன்னும் போணியே ஆகலை தம்பி, சித்த நேரம் கழிச்சு வாப்பா" என்கிறார். "அதெல்லாம் எனக்குத் தெரியாது, எடு" என்கிறான். மரியாதையைக்கூட விட்டுவிடுவோம், ரசீது எங்கே? நான் கேட்டேன். "நீங்களா கடை போட்டிருக்கீங்க? காய் வாங்க வந்தா வாங்கிட்டுப் போங்க" என்று பதில் வந்தது. பாட்டி என் கையைப் பிடித்து, "விடுப்பா, அடுத்த வாரம் இங்க உட்கார விடமாட்டான்" என்றார். அந்தப் பயத்தில்தான் இந்த வசூலே நடக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஊராட்சி வருடா வருடம் ஏலம் விடுகிறது. அதிகம் கேட்டவருக்குக் குத்தகை. அவர் கட்டிய பணத்தை எடுத்தாக வேண்டும், அதற்கு மேல் லாபமும் பார்த்தாக வேண்டும். வசூலுக்கு விட்ட ஆட்களை யார் கண்காணிக்கிறார்கள்? எந்தக் கடைக்கு எவ்வளவு என்று எழுதி வைத்த பலகை பெயின்ட் உரிந்து, அதன் மேல் கட்டிய பிளெக்ஸ் பேனருக்குப் பின்னால் கிடக்கிறது. வண்டி நிறைய சரக்கு இறக்கும் வியாபாரி பேசிக் குறைத்துக்கொள்கிறார். கீரைக்காரப் பாட்டிக்குப் பேரம் கிடையாது.

சரி, வாங்குகிறார்கள். வாங்கிய பணத்துக்கு என்ன செய்து கொடுத்தார்கள்?

மேடை கட்டிக் கூரை போட்டார்கள். அதில் ஒட்டன்சத்திரத்தில் மொத்தமாக எடுத்து ஊர் ஊராகச் சந்தை போடும் வியாபாரிகள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களும் பிழைக்க வந்தவர்கள்தான், அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் சொந்த மண்ணில் விளைந்ததைக் கொண்டுவருபவருக்கு வெயிலும் ஓரத்துச் சாக்கடையுமா? ஐப்பசி மழையில் அந்த ஓரம் முழுக்கச் சேறு. தக்காளிக் கூறும் தார்ப்பாயும் தண்ணீரில் மிதந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாதது கழிப்பறை. கட்டடம் இருக்கிறது. சுவரில் பெண்கள் என்று எழுதிப் படமும் வரைந்திருக்கிறது. கதவில் துருப்பிடித்த பூட்டு. சாவியைக் கேட்டால் ஊராட்சிக்காரர் குத்தகைக்காரரைக் காட்டுகிறார், குத்தகைக்காரர் ஊராட்சியைக் காட்டுகிறார். மதியம் வந்து உட்காரும் பெண் சந்தை கலைந்து பஸ் ஏற இரவு எட்டு மணி ஆகிறது. அத்தனை நேரமும் அந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். குடித்தால் எங்கே போவது என்று ஒரு அக்கா என்னிடமே கேட்டார். நீர்க்கடுப்பு என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுவாரமும் வந்து உட்காருகிறார். ஆண்கள் எங்கேயாவது ஒதுங்கிக்கொள்கிறார்கள். இவர்கள் என்ன செய்வார்கள்? இருட்டும்வரை அடக்கிக்கொண்டு, இருவர் மூவராகச் சேர்ந்து முள்காட்டுப் பக்கம் போகிறார்கள். அங்கே விளக்கும் கிடையாது, பாம்பு வேறு. காசு வாங்கிக்கொண்டு ஒரு மனுஷியை இப்படி நடத்த எப்படி மனம் வருகிறது?

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையைத் திறந்தார்கள். விவசாயிக்கு அடையாள அட்டை, வாடகை இல்லாத கடை, இலவசத் தராசு, இடைத்தரகர் இல்லை, தினமும் விலைப் பலகை. நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவை பெரும்பாலும் நகரங்களில்தான் இருக்கின்றன. அதே விவசாயி அட்டையோடு நகரத்துக்குப் போய் விற்றால் ஒரு பைசா கட்ட வேண்டாம், விளைந்த ஊரிலேயே விற்றால் சுங்கம் கட்ட வேண்டும். இது என்ன நியாயம்? அதிகாலைப் பஸ்ஸைப் பிடித்து, மூட்டையோடு அத்தனை தூரம் போக எல்லோராலும் முடியுமா? இருபது கட்டுக் கீரைக்காக அந்தப் பாட்டி திண்டுக்கல் போவாரா?

அடுத்த ஏலத்துக்கு முன்பு ஊராட்சி செய்ய வேண்டியதை நேராகவே சொல்கிறேன். தலைச்சுமையாகவும் கூடையிலும் கொண்டுவரும் சொந்த விளைச்சலுக்குச் சுங்கம் கிடையாது என்று ஏல நிபந்தனையிலேயே எழுதுங்கள். மற்றவர்களிடம் வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அச்சடித்த ரசீது கொடுக்கச் சொல்லுங்கள். கூரைக்கு அடியில் உள்ளூர் விவசாயிகளுக்கு ஒரு வரிசை ஒதுக்குங்கள். ஜனவரி 26 கிராம சபையில் சந்தை வரவு எவ்வளவு, சந்தைக்குச் செய்த செலவு எவ்வளவு என்று எழுந்து கேட்கப் போகிறேன். சந்தைக்கு வரும் நம் ஊர்க்காரர்கள் நான்கு பேராவது கூட நின்று கேளுங்கள். ஆனால் அந்தக் கழிப்பறைக்கு ஜனவரிவரை காத்திருக்க வேண்டியதில்லை. வருகிற சந்தைக்குள் பூட்டைத் திறந்து, தண்ணீர் விட்டு, ஒரு பல்பைப் போடுங்கள்.