யாருடைய லோக்கல்?

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன வாரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் சீட்டுக்கு வந்தார். "அண்ணா, ஐஎஸ்ஓ மவுன்ட் ஆகவே மாட்டேங்குது. ஃபைல் இங்கதான் இருக்கு, பாத் கூட சரியாத்தான் கொடுத்திருக்கேன்."

ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு சிடியும் ஒரே ஃபைலாக; மவுன்ட் என்றால் அதை டிரைவில் மாட்டுவது. அவர் எழுதியிருந்தது பைத்தான் ஸ்கிரிப்ட். விஎம்வேர் ஏபிஐயை (கோடிலிருந்து அந்த மென்பொருளுக்குக் கட்டளையிடும் வழி) கூப்பிட்டு, விஎம்மின் (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கம்ப்யூட்டர்) சிடி டிரைவுக்குத் தன்னுடைய டவுன்லோட்ஸ் ஃபோல்டரைக் காட்டியிருந்தார். சிரிப்பு வந்துவிட்டது. வேளச்சேரி வீட்டில் ராத்திரி ஒரு மணி வரை இதே தப்போடு நானும் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

சென்னையில் லோக்கல் என்றால் பீச்–தாம்பரம் ரயில், அதில் குழப்பமே இல்லை. இங்கேதான் குழப்பம். தம்பிக்கு லோக்கல் என்பது சோழிங்கநல்லூர் ஆபீஸில் அவர் மடியில் இருக்கும் லேப்டாப். ஆனால் அந்த சிடியைப் படிக்கப்போவது எங்கோ ரேக்கில் இருந்து விஎம்களை ஓட்டும் இஎஸ்எக்ஸ்ஐ சர்வர். அதற்கு எட்டுவது அதன் டேட்டாஸ்டோர், அதாவது விஎம் ஃபைல்களை அது வைத்திருக்கும் ஸ்டோரேஜ்தான். ஏபிஐ கேட்கும் பாத்தைப் பாருங்கள்: சதுர அடைப்புக்குள் டேட்டாஸ்டோர் பெயர், பிறகு ஃபோல்டர், ஃபைல். நம் சி டிரைவை இதில் எங்கே எழுதுவது?

"கன்சோல்ல மட்டும் லோக்கல் ஃபைல் மவுன்ட் ஆகுதே?" என்றார். நல்ல கேள்வி. கன்சோல் என்பது விஎம்மின் திரையை நம் லேப்டாப்பில் காட்டும் ஜன்னல். அங்கே அந்தக் கன்சோலே சிடி டிரைவ் வேஷம் போடுகிறது. விஎம் கேட்கக் கேட்க, நம் டிஸ்கிலிருந்து படித்து நெட்வொர்க் வழியே ஊட்டிக்கொண்டே இருக்கிறது. வீட்டிலிருந்து விபிஎன் வழியாக இப்படி ஒரு ஓஎஸ் இன்ஸ்டால் செய்து பாருங்கள், பொறுமை போய்விடும். கன்சோலை மூடினால் சிடியும் காலி. ஏபிஐயிலும் 'க்ளையன்ட் டிவைஸ்' என்று ஒன்று உண்டு, ஆனால் அது வெறும் சாக்கெட் மாதிரி. ஃபைல் பெயர் கொடுக்க அதில் இடமே கிடையாது.

குழப்பத்துக்குக் காரணம், நம் லேப்டாப்பிலேயே விஎம் ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் என்பேன். அதில் ஸ்டோரேஜ்அட்டாச் கட்டளைக்கு எந்தப் பாத் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், ஏனென்றால் அங்கே ஹோஸ்டே (விஎம்மைத் தாங்கும் மெஷின்) உங்கள் லேப்டாப்தான். காலேஜில் அதில் பழகிய கை இங்கேயும் அப்படியே போகிறது. லினக்ஸில் விஎம் ஓட்டும் கேவிஎம்மில் இன்னொரு கூத்து: ஒரே மெஷினாக இருந்தாலும் விஎம்மை ஓட்டும் கியூஇஎம்யூ புரோகிராம் பெரும்பாலும் வேறு யூசராக ஓடும், உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் பல சமயம் அதை விடமாட்டார்கள்.

என் கருத்து சிம்பிள். குறுக்கு வழி தேடாதீர்கள். முதலில் டேட்டாஸ்டோருக்கு அப்லோட் செய்யுங்கள். ஒரு எச்டிடிபி புட் (வெப் வழியாக ஃபைலை அனுப்பும் கட்டளை) போதும், அதையும் அதே ஸ்கிரிப்டில் எழுதலாம். 5 ஜிபி ஃபைல், நொடிக்கு 40 மெகாபிட் அப்லோட் என்றால் 17 நிமிடம். டீ குடித்துவிட்டு வரலாம். பிறகு டிரைவை அந்த ஃபைலுக்குத் திருப்பி, கனெக்டட் என்பதை ட்ரூ ஆக்குங்கள். விஎம் ஆனில் இருக்கும்போதே இது நடக்கும்.

கழற்றுவதைத்தான் எல்லோரும் மறக்கிறோம். ஒரு சனிக்கிழமை ராத்திரி மெயின்டனன்ஸுக்காக ஒரு ஹோஸ்டைக் காலி செய்தோம். எல்லா விஎம்மும் நகர்ந்தன, ஒன்றைத் தவிர. மற்ற ஹோஸ்டுகளுக்கு எட்டாத, அந்த ஹோஸ்டின் சொந்த டிஸ்கில் கிடந்த ஐஎஸ்ஓவை அதில் மாட்டி வைத்திருந்தார் ஒரு புண்ணியவான். லாகைப் பார்த்தால், அந்தப் புண்ணியவான் நான்தான்.

சரி, கோடில் கழற்றலாம் என்றால் அதுவும் அப்படியே நின்றுவிட்டது. உள்ளே லினக்ஸ் சிடியை மவுன்ட் செய்து வைத்திருந்ததால் 'சிடி டிரைவின் கதவு பூட்டியிருக்கிறது, பரவாயில்லையா?' என்று விஎம் கேட்டுக்கொண்டிருக்கிறது. திரையில் பார்ப்பவருக்கு அந்தக் கேள்வி கண்ணில் படும். என் ஸ்கிரிப்ட் அதைக் கவனிக்கவே இல்லை; பாவம், காத்துக்கொண்டே இருந்தது. இல்லாத டிரைவுக்கு இல்லாத கதவு, அதற்கு ஒரு பூட்டு!

இதைக் கேட்ட தம்பி, "அந்தக் கேள்விக்கும் கோட்லயே ஆமான்னு சொல்லிடலாமா அண்ணா?" என்றார்.

"சொல்லலாம். முதல்ல விஎம்முக்கு உள்ளே போய் அன்மவுன்ட் பண்ணு."




ஸ்கிரிப்டில் இப்போது அந்த வரிதான் முதலில் இருக்கிறது.