கழிப்பறையை எண்ணிவிட்டுப் பேசுங்கள்

நம் குழுவில் நேற்று நடந்த சண்டையைப் பார்த்திருப்பீர்கள். 2020இல் சிங்கப்பூரில் கொரோனா ஏறியதற்கு டார்மிட்டரி (வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதி) ஆட்களின் சுத்தமின்மைதான் காரணமாம். எழுதியவர்மேல்கூட எனக்குக் கோபமில்லை. அதற்கு 'ஆமாம்' போட்ட நம் ஆட்களைப் பார்த்துத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஓர் அறையில் 12 பேர், 16 பேர், சில இடங்களில் 20 பேர். அடுக்குக் கட்டில். 15 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது அன்றைய விதி. இதில் எங்கே தள்ளி நிற்பது? அந்த டிசம்பரில் அரசே சொன்ன கணக்குப்படி, டார்மிட்டரிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 1,52,794 பேருக்குத் தொற்று வந்திருந்தது. கிட்டத்தட்ட இரண்டு பேரில் ஒருவர். இத்தனை பேருக்கும் கை கழுவத் தெரியாதா?

என் சித்தி மகன் அப்போது அங்கேதான் இருந்தான். நான் வாடகை வீட்டில். எனக்குக் கடைக்குப் போய்வர முடிந்தது, அவனுக்கு அறை வாசலைத் தாண்ட முடியவில்லை. சித்தியிடம் "நல்லா ரெஸ்ட்மா" என்பான். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "பக்கத்துக் கட்டில் ஆளைக் கூட்டிட்டுப் போயிட்டாங்கண்ணே, அடுத்து நான்தான்" என்று அழுவான்.

இலவசமாகச் சிகிச்சை கொடுத்தார்களே என்பீர்கள். சரி, கொடுத்தார்கள். இறந்தவர்களும் மிகக் குறைவு. அதற்கு எனக்கு நன்றி உண்டு. ஆனால் நோய் ஏன் அங்கே அப்படிப் பரவியது என்பதற்கு அது பதிலாகாது. "ஊரில் மட்டும் பங்களாவிலா இருந்தார்கள்?" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அவரோடு பேச எனக்கு மனசில்லை.

2021 செப்டம்பரில், புதிதாகக் கட்டும் விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, 6 பேருக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். குறை ஆட்களிடம் இருந்தால் கட்டடத்தை எதற்கு மாற்ற வேண்டும்?

தினமும் வந்த எண்ணிக்கையிலேயே சமூகத்தில் இத்தனை, டார்மிட்டரியில் இத்தனை என்று பிரித்துத்தான் சொன்னார்கள். அப்படியென்றால் அவர்கள் சமூகத்தில் இல்லையா? நாம் குடியிருக்கும் வீடுகளைக் கட்டியவர்கள் ஐயா! ஊரெல்லாம் பழையபடி நடமாடத் தொடங்கிய பிறகும், 2022 ஜூன் வரை வெளியே போக அவர்களுக்கு அனுமதி வேண்டியிருந்தது.

'ஆமாம்' போட்டவர்களில் சிலரை எனக்கு நேரில் தெரியும். தொழிலாளர்களுக்கான வொர்க் பெர்மிட்டில் வந்து, அதே அடுக்குக் கட்டிலில் படுத்து, அதைவிட மேலான வேலை அனுமதிக்கு மாறிய பிறகு வீடு எடுத்தவர்கள். அந்தக் கழிப்பறை வரிசையில் காலையில் நின்றவர்கள். உங்களுக்குமா தெரியாது?